முக்காலில் நின்ற முள்

காட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்த பழைய ஜீப்பின் டீசல் டேங்கில் கல் குத்தி ஓட்டை விழுந்தது. அடுத்த பெட்ரோல் பங்க்குக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தது.

"ஐயோ, ஒழுகுறேனே! யாராவது டிரைவர்கிட்ட சொல்லுங்களேன்!" என்று டேங்க் கதறியது.

டேஷ்போர்டில் கிடந்த சோப்புக்கட்டி பதறியது. "முள்ளே, எப்படியாவது வண்டியை நிறுத்த வை. என்னை ஓட்டையில் அப்பினால் ஊர் போய்ச் சேர்ந்துடலாம்."

டீசல் அளவு காட்டும் முள் நடுங்கிக்கொண்டே கால் அளவுக்கு இறங்கியது.

டிரைவர் மாசிலாமணி முறைத்தார். "காலையிலதானே ஃபுல் பண்ணினேன்? பொய் சொல்லுது சனியன்!" என்று முள்ளின் மேலிருந்த கண்ணாடியில் நங்கென்று தட்டினார். முள் இன்னும் இறங்கியது. அவர் ஓங்கி ஒரு குத்து விட்டார். முள் துள்ளி முக்காலில் போய் ஒட்டிக்கொண்டது.

"அப்படி வா வழிக்கு" என்றார்.

"ஏன் இப்படிப் பண்ணினே?" என்றது சோப்பு.

"உண்மை சொன்னா அடி எனக்குத்தானே விழுது?"

கொஞ்ச தூரம் போனதும் சோப்பு பயந்துகொண்டே கேட்டது. "டேங்கு, ஒழுகறது நின்னுச்சா?"

"நின்னுடுச்சு. இனி ஒழுக ஒண்ணுமில்ல."

ஜீப் விக்கி விக்கி நின்றது. "டீசல்தான் முக்கால் இருக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டே மாசிலாமணி இறங்கிப்போய் பானெட்டைத் திறந்தார்.