கடுகைக் காணோம்

"பாருங்க, இந்த வாரமும் ஒரு சாமான் குறையுது. கடுகைக் காணோம்!"

மளிகைப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள் வாயாடி. பிறந்த ஊரில் அவளுக்கு அதுதான் பேர். கல்யாணமாகி இந்தத் தேசத்துக்கு வந்த பிறகு அந்தப் பேருக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது.

மாடி மேல் மாடியாக அடுக்கிய கட்டடத்தில் வீடு. எதிர்வீட்டுக் கதவு சாத்தியே கிடக்கும். பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் நாமே எடுத்து, நாமே மெஷினில் காட்டி, நாமே பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஏன் இவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்கக்கூட நாதி கிடையாது.

ஊரில் தெருமுனைக் கடைக்குச் சீரகம் வாங்கப் போனால் அவள் லேசில் திரும்ப மாட்டாள். பருப்பில் கல் என்பாள். தராசை முறைப்பாள். கடைக்காரரும் சளைக்காமல் அவள் சமையலைக் கிண்டலடிப்பார். கடைசியில் கொசுறாக ஒரு கை பொட்டுக்கடலை கிடைக்கும். அதைக் கொறித்துக்கொண்டே வீட்டுக்கு வருவாள்.

இங்கேயும் ஊர்க்காரர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். போனில் சொன்னால் போதும், பெட்டி கட்டி அனுப்பிவிடுவார். கீழே வரவேற்பறையில் வைத்துவிட்டுப் போவார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை முடிந்து வருகிற கணவன் மேலே தூக்கி வருவான். அவன் அதிகம் பேசமாட்டான்.

"கடுகுதானே, விடேன்" என்றான்.

"எப்படி விடறது? போன வாரம் புளி. அதுக்கு முந்தி பெருங்காயம். ஊர்க்காரன்னு நம்பினா ஊர்க்காரன் தலையிலேயே மிளகாய் அரைக்கிறார்!"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடையில் நல்ல கூட்டம்.

"ஏன் அண்ணா, கடுகு இல்லாம எதைப் போட்டுத் தாளிக்கிறது? உங்க மீசையைக் கிள்ளிப் போடட்டுமா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "தப்புதான்மா. கை மறந்துடுச்சு."

"வாரா வாரம் மறக்கிற கையை டாக்டர்கிட்ட காட்டுங்க!"

வரிசையில் நின்ற நர்ஸ் ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லாக் கேளுங்க அக்கா! எங்களுக்கெல்லாம் இப்படிக் கேக்க வாய் வரலை."

கடுகு கைக்கு வந்த பிறகும் வாயாடி நகரவில்லை. மிளகாயின் நிறத்தைப் பழித்தாள். அரிசிக்கு வயசு கேட்டாள். நர்ஸும் அவளும் ஒன்றாகவே நடந்து திரும்பினார்கள். நர்ஸுக்கு அடுத்த கட்டடத்தில்தான் வீடாம்.

இருந்தாலும் மனசு ஆறவில்லை. அடுத்த வாரம் நேரிலேயே போய் நின்றாள்.

"இன்னிக்கு என் கண் முன்னால கட்டுங்க, பார்க்கலாம்."

கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி உள்ளே வைத்தார். உப்பு உட்பட எல்லாம் இருந்தது. டேப் ஒட்டும்போது அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடி ஒளிந்தது. அது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

சாயங்காலம் கணவன் வழக்கம்போலக் கீழே வரவேற்பறையிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். பிரித்தாள். உப்பு இல்லை.

பெட்டியைத் திருப்பினாள். டேப்புக்கு மேல் இன்னொரு டேப்.

மெல்ல நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"ஏங்க, உங்க டூல்ஸ் பையைக் கொஞ்சம் திறங்க."

ஸ்பேனருக்கும் ஸ்குரூ டிரைவருக்கும் நடுவில் உப்புப் பொட்டலம் படுத்திருந்தது. அதற்கடியில் கடுகு, புளி, பெருங்காயம், எதுவும் பிரிக்காமல்.

"நீங்களா? நீங்களா எடுத்து ஒளிச்சீங்க?"

"வெளியில போயிட்டு வா, நாலு பேரைப் பாருன்னு எத்தனை தடவை சொன்னேன்? ஜன்னலை விட்டு நகர்ந்தியா? ஒரு நாள் பெட்டியில நிஜமாவே ஏலக்காய் வரலை. நீ கடைக்கு ஓடிப்போய் சண்டை போட்டுட்டு வந்தே. அன்னிக்குத்தான் இந்த வீட்டுல முதல்முதலா பாட்டுச் சத்தம் கேட்டுது. நீ பாடிக்கிட்டே சமைச்சே." அவன் குரல் தழைந்தது. "அதை விட்டுட மனசு வரலை. தப்புதான்."

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். கண்தான் கலங்கியது. அதோடு ஒரு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் திடுக்கிட்டாள்.

"ஐயோ, அப்போ அந்த மனுஷன்? பாவம், செய்யாத தப்புக்கு என்கிட்ட அத்தனை பேச்சு வாங்கினாரே! மீசையைக்கூட விட்டு வைக்கலையே!"

"அவருக்கு எல்லாம் தெரியும். முதல்லயே சொல்லிட்டேன்."

மறுநாள் காலையில் கடை திறந்ததும் வாயாடி போய் நின்றாள். வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தைகள் அங்கே வந்ததும் ஓடிப்போய்விட்டன.

"மன்னிச்சுடுங்க அண்ணா. இனிமே ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

கடைக்காரர் பதறிப்போனார்.

"அப்படி மட்டும் சொல்லிடாதீங்கம்மா! இங்க கடை போட்ட நாள்லேருந்து வர்றவங்க எல்லாரும் எடுத்துட்டு, தேங்க்ஸ் சொல்லிட்டுப் போயிடறாங்க. ஒருத்தர் பேரம் பேசலை, ஒருத்தர் குறை சொல்லலை. ஊர்ல எங்க அப்பா கடை எப்படி இரையும் தெரியுமா? அந்த இரைச்சலை இங்க நீங்கதான் கொண்டுவந்தீங்க. பெட்டியில எல்லாம் சரியாவே இருக்கட்டும். வாரம் ஒரு தடவை வந்து என்னை நாலு திட்டு திட்டிட்டுப் போங்கம்மா!"