பொத்தான் இல்லாத மெஷின்

என் பெயர் எழுதிய லேபிள் மேஜையில் கசங்கிக் கிடந்தது. அதை உரித்தெறிந்துவிட்டு, இரண்டு வருட ஆய்வு முடிவுகள் இருந்த என் ஃபிளாப்பியைப் பேராசிரியர் தணிகாசலம் ஃபார்மட் செய்துகொண்டிருந்தார்.

"நிறுத்துங்க சார்!"

"காலின்னு நினைச்சேம்மா. என்னோடது நிறைஞ்சுபோச்சு" என்றார், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

பிடுங்கலாம் என்றால் அந்த யூனிக்ஸ் மெஷினில் ஃபிளாப்பியை வெளியே தள்ளும் பொத்தானே கிடையாது; கட்டளை கொடுத்தால்தான் துப்பும். தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி, ஃபிளாப்பி நுழையும் வாய்க்கு அடியிலிருந்த சின்ன ஓட்டையில் குத்தினேன். பாதி அழிந்த ஃபிளாப்பி வெளியே வந்தது.

"மெஷின் என்னத்துக்கு ஆகும்? அறிவிருக்கா?" இப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்த ஃபிளாப்பியை எடுத்து உள்ளே தள்ளினேன். விசைப்பலகையை என் பக்கம் இழுத்து, அதே ஃபார்மட் கட்டளையை அடித்தேன். என்டரில் விரலை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இதுவும் காலிதானே, சார்?"