சிகாகோவுக்கு முதல் ஆள்

"இந்த அம்மா இறங்குறதுக்கு முந்தி நான் சிகாகோவுல இறங்கணும். அப்படி ஒரு டிக்கெட் போடுங்க தம்பி" என்றாள் பெர்சிஸ் டீச்சர். பக்கத்து நாற்காலியில் இருந்த சம்பந்தி விக்டோரியாவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டையில் மணி காலை ஒன்பதுதான். டிராவல்ஸ்காரன் இசக்கிமுருகனுக்கு இன்னும் தொண்டையில் டீகூட இறங்கவில்லை.

"பதினாலாயிரம் கிலோமீட்டர் டீச்சர். பறக்குறதே இருபது மணி நேரம். நடுவுல தோஹாவுல வேற காத்துக் கெடக்கணும்."

"அவங்க நல்லா காத்துக் கெடக்கட்டும். எனக்கு வெரசா போற பிளேன் பாருங்க" என்றாள் விக்டோரியா.

பெர்சிஸின் மகள் ஃபெபிக்கும் விக்டோரியாவின் மகன் லியோனுக்கும் தாலி சி.எஸ்.ஐ. கோயிலில் கட்டுவதா, ஆர்.சி. கோயிலில் கட்டுவதா என்று ஆரம்பித்த சண்டை இது. பெங்களூரில் இருந்த பிள்ளைகள், ஃபெபி மாசமாக இருக்கும்போதே சிகாகோவுக்கு வேலை மாற்றலாகிப் போய்விட்டார்கள். இப்போது பேரன் பிறந்து இருபது நாள்.

யார் முதலில் போய்ச் சேருகிறார்களோ, அவர்கள் கோயிலில்தான் ஞானஸ்நானம். இதில் தோற்றால் பேரனே கைவிட்டுப் போன மாதிரிதான் பெர்சிஸுக்கு.

"எங்க சபை ஐயர்தான் ஞானஸ்நானம் குடுப்பாரு" என்று போதகரை இழுத்தாள் பெர்சிஸ்.

"எங்க பங்குச் சாமியாருக்கு முந்தி எவன் பிள்ளையத் தொடுதான்னு பாக்கேன்."

"விசா இருக்கா?" என்று இசக்கிமுருகன் நடுவில் புகுந்தான்.

"ஃபெபி பேப்பர் அனுப்பணும். கேட்டா, பைய வாங்கம்மாங்கா" என்றாள் பெர்சிஸ். "அதுக்கெல்லாம் நான் ஆளில்ல. முதல்ல டிக்கெட்டப் போடுங்க."

அவள் போன் அடித்தது. வீடியோவில் ஃபெபியேதான்.

"அம்மா, நீங்க சொன்ன மாதிரி இளவெயில் காட்டுதேன். இந்தா, பாத்துக்கிடுங்க."

ஜன்னலோரம் ஃபெபியின் மடியில் பேரன் குப்புறக் கிடந்தான். குட்டி முதுகு முழுக்க வெயில். இனி மஞ்சள் காமாலை அண்டாது என்று பெர்சிஸுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

விக்டோரியாவும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "தலைய மூடாம வெயில்ல போட்டிருக்கா. வளர்ப்பு அப்படி."

"என் வளர்ப்பப் பத்திப் பேச நீங்க யாரு?"

"பிள்ளையப் பெத்த தகப்பனுக்கு அம்மா."

இரண்டு பேர் குரலும் தெருவரைக்கும் போனது. "பொறவு கூப்பிடுதேம்மா" என்று ஃபெபி போனை வைத்துவிட்டாள். அவள் வைத்தது தெரியாமல் இவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இசக்கிமுருகனும் போனில் அந்த வெயிலைப் பார்த்திருந்தான். கம்ப்யூட்டரில் இருந்து கையை எடுத்தான்.

"டிக்கெட் வேண்டாம் டீச்சர். சிகாகோவுல இப்போ ராத்திரி பத்தரை."