இந்தத் தடவையாவது

“ஏங்க லேட்டு?” என்று கேட்டான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அறிவரசன்.

“லாரிங்க...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார் இராமலிங்கம். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். ஐம்பது வயதுக் கால்கள் கடுத்தன, கழுத்தில் டை இறுக்கியது.

எதிரே இருந்த இருவருக்கும் அவருடைய பிள்ளைகளின் வயதுகூட இராது. அவர் உள்ளே நுழைந்தபோது மலர்க்கொடி என்கிற அந்தப் பெண் சட்டென்று எழுந்தேவிட்டாள். அறிவரசன் முறைத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

“இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்த அலைச்சல்?” என்று காலையில் மனைவி கேட்டபோது ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த மாதம் முழுக்க இப்படி டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒன்றும் தேறாமல் எழுந்து போனதுதான் மிச்சம். இன்றைக்கும் கோட்டை விட்டால் இன்னொரு சந்தர்ப்பம் கிடையாது.

“சமீபத்துல புதுசா என்ன கத்துக்கிட்டீங்க?” அறிவரசன் மிடுக்காகக் கேட்டான்.

“திருச்சியில ஒரு கருத்தரங்கத்துக்குப் போயிருந்தேங்க. படிச்ச புள்ளைங்களுக்கு ஏன் வேலை கெடைக்கலன்னு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. பாடத்துல ஒண்ணும் குறை இல்லையாம். கேள்வி கேட்டே பழகாத புள்ள, கேள்வின்னாலே நடுங்குதாம்.”

“ம். மேடம், நீங்க கேளுங்க.”

“நீங்க... ஏன் இந்த வேலைக்கு...” மலர்க்கொடியின் மீதிக் கேள்வி வாய்க்குள்ளேயே போயிற்று. பார்வை மேஜையை விட்டு எழவில்லை.

இராமலிங்கத்துக்கு அலுத்துப்போயிற்று. போகிறவரை போகட்டும் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“காது கேக்கலம்மா. பொம்பளப் புள்ளைய இந்த சீட்டுல உக்கார வச்சா இப்படித்தான். பேசாம வூட்டுல சோறாக்கிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே?”

சொல்லும்போதே அவருக்கு வாய் கசந்தது. அறிவரசன் வெலவெலத்துப்போய் அவளைப் பார்த்தான்.

மலர்க்கொடி நிமிர்ந்தாள்.

“லேட்டா வந்தீங்க, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கல. இப்ப என்னைய சோறாக்கச் சொல்றீங்க. எறையூர்ல எங்கம்மா கரும்பு வெட்டித்தான் என்னையப் படிக்க வச்சுச்சு, அடுப்படியில உக்கார வைக்கிறதுக்கு இல்ல. கூட வேலை பாக்குற பொம்பளைய மதிக்கத் தெரியாதவங்களை நாங்க எடுக்க மாட்டோங்க. நீங்க போகலாம்!”

வராண்டாவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு கணீரென்று இருந்தது குரல்.

இராமலிங்கம் மெல்ல எழுந்தார். டையைத் தளர்த்தினார். கண்கள் நிறைந்துவிட்டன.

“நாளைக்கு நெசமான இண்டர்வியூல இந்தக் குரல் வந்தாப் போதும் மலரு, உங்க வாத்தியாருக்கு வேற ஒண்ணும் வேணாம்!”