வாயால் சொன்னால் வற்றிவிடும்

அன்று துணை சுகாதார நிலையத்தில் இருந்தவர்கள்: நர்சம்மா, ஆயா பாப்பாயி, கைப்பிள்ளைக்காரிகள் ஒன்பது பேர், அவர்களுடைய பிள்ளைகள் ஒன்பது, மலர்கொடியின் மாமியார் ஆண்டாயி. மேஜை மேல் பால் பவுடர் டப்பா ஒன்பது.

1981. எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பாதி வேலையில் ஓடி வந்திருந்தார்கள்.

"தாய்ப்பால் பத்தாதவங்களுக்குத்தான் இந்த டப்பா," என்றார் நர்சம்மா. "போன தடவை புருஷன்மாருங்க வந்து வாங்கிட்டுப் போயி டீக்கடையில வித்துட்டாங்க. அதனால, பால் இல்லாதவ அவளே எழுந்து வந்து, 'எனக்குப் பால் இல்லை'ன்னு சொல்லணும். சொன்னா டப்பா."

ஒருத்தியும் அசையவில்லை.

அந்த ஊரில் உப்பு தீர்ந்துபோனால்கூட, 'உப்பு நெறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்வார்கள். பால் கொடுக்கிறவள் தன் வாயால் 'இல்லை' என்று சொல்லிவிட்டால், இருக்கிற பாலும் அன்றோடு வற்றிவிடும். யாருக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை.

மலர்கொடியின் மடியில் பிள்ளை அழுது அழுது குரல் கம்மிக் கிடந்தது. தாழ்வாரத்துத் தராசுத் தூளியில் போட்டபோது, போன மாதத்தைவிட எடை குறைந்திருந்தது.

"உனக்குப் பால் இருக்காம்மா?" என்று கேட்டார் நர்சம்மா.

மலர்கொடி மாமியாரைப் பார்த்தாள். "இருக்குங்க."

"ஏன் இல்லாம?" என்றாள் ஆண்டாயி. "நான் ஏழு பெத்தேன், ஏழுக்கும் கொடுத்தேன். பால் இல்லாத பொம்பளைன்னு எங்க வூட்டுல பேச்சே கெடையாது. புள்ளைக்குத் திருஷ்டி. வேற ஒண்ணுமில்ல."

"நீ வாயைத் திறந்து சொன்னாத்தாம்மா நான் கொடுக்க முடியும்."

மலர்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளை மறுபடி சிணுங்கியது.

"எனக்குக் கொடுங்க. எனக்குப் பால் இல்லைங்க."

நர்சம்மா நிமிர்ந்து பார்த்தார். கொளஞ்சியம்மாள்! அவள் இடுப்பில் பிள்ளை பரங்கிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தது. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த சூட்டுப் பால் பிள்ளைக்கு ஆகாது என்று, சற்று முன்புதான் வேப்பமரத்தடியில் பீய்ச்சி விட்டுக்கொண்டிருந்தாள். அதெல்லாம் கெட்டுப்போகாது என்று நர்சம்மாவே அவளைத் திட்டியிருந்தார்.

"உனக்கா? இப்பத்தானே மரத்துக்கு ஊத்துனே?"

"அதாங்க, மரமே குடிச்சிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நர்சம்மா சிரிக்கவில்லை.

"ரவிக்கை நனைஞ்சிருக்கு?"

"வேர்வைங்க."

"உன் புள்ளை காத்தைக் குடிச்சா இப்படி இருக்கான்?"

"அவங்கப்பன் ஊதி வுட்டிருக்காரு. வாயால சொன்னா டப்பான்னு நீங்கதானே சொன்னீங்க? சொல்லிட்டேன். எனக்குப் பால் இல்லை, இல்லை, இல்லை."

மூன்றாவது 'இல்லை' சொல்லும்போது பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

நர்சம்மா டப்பாவை நகர்த்திய வேகத்தில் மேஜை ஆடியது.

"எனக்கும் இல்லைங்க," என்று எழுந்தாள் அம்சவள்ளி. அவள் பின்னால் ஒருத்தி, அவள் பின்னால் இன்னொருத்தி. கரும்பு ஆலை வாசலில் வண்டி நிற்கிற மாதிரி வரிசை நின்றுவிட்டது.

"உங்களுக்கெல்லாம் வாய் கூசலையா?" என்றார் நர்சம்மா.

ஆண்டாயி வாயைப் பிளந்தாள். "என்னடி இது, ஊருக்கே வத்திப்போச்சா?"

"ஆமா அத்தே," என்றாள் கொளஞ்சியம்மாள், டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. "இந்த வருஷ வெயிலு அப்படி. ஒன் மருமவ ஒருத்திக்குத்தான் நெறைஞ்சிருக்கு. நீ கொடுத்து வெச்சவ, வெறுங்கையோட வூட்டுக்குப் போ."

ஆண்டாயிக்குப் பொறுக்கவில்லை. "எந்திரி புள்ள! எல்லாரும் அள்ளிக்கிட்டுப் போறாளுவ, நாம மட்டும் வுட்டுட்டுப் போறதா? ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வாங்கு."

மலர்கொடி எழுந்தாள். மற்றவர்கள் கத்திச் சொன்னதை அவள் நர்சம்மாவின் காதோடு சொன்னாள். "எனக்குப் பால் இல்லைங்க." சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தண்ணீரைக் கொதிக்க வைப்பது, ஆற வைப்பது, பவுடரைக் கலக்குவது எல்லாவற்றையும் நர்சம்மா விளக்கினார். யாரும் காது கொடுக்கவில்லை. மலர்கொடி மட்டும், "எத்தனை கரண்டிங்க?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

ஆண்டாயியும் மலர்கொடியும் முன்னால் போனார்கள். மற்றவர்கள் தாழ்வாரத்தில் கொஞ்சம் நின்று குசுகுசுத்தார்கள். பிறகு ஒரு சிரிப்புச் சத்தம். அதன் பிறகு கொலுசுச் சத்தமும் தூரமாகிவிட்டது.

"பெத்த தாய்ங்களா இவளுங்க?" நர்சம்மாவுக்கு ஆறவில்லை. "சாயங்காலம் பாரு பாப்பாயி, அத்தனை டப்பாவும் டீக்கடையில இருக்கும். இனிமே இந்த ஊருக்கு ஒண்ணு கிடையாது. அந்தத் தூளியைக் கழட்டி உள்ள வை."

போன பாப்பாயி வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"தூக்க முடியலைங்க. கனக்குது."

"வெறும் தூளியா?"

"போறப்ப கொளஞ்சி ஒங்ககிட்ட சொல்லச் சொல்லிச்சுங்க. 'வாயால சொல்லிட்டோம், நெசமாவே வத்திப்போச்சுன்னா அப்ப வந்து வாங்கிக்கிறோம்'னு."

நர்சம்மா எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார். தூளியை விரித்துப் பார்த்தார். ஒரு டப்பாவிலும் மூடி திறந்திருக்கவில்லை.

எண்ணினார். எட்டு.