சிலிண்டருக்கு அடியில் எண்ணெய்

“ரிப்பேரே வராத மெசினுக்கு எதுக்குண்ணே தனியா ஒரு ஆளு?” என்று முதலாளி லிங்கேஸ்வரன் கேட்டபோது மொக்கச்சாமி மெசினுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். போடியில், ஜீப்பு கழுவும் பட்டறையில், வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிப்டைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அது போனால் விடியலில் தோட்டத்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏலக்காய் எடுக்க மலையேற வேண்டும். முழங்கால் இனி அதற்கு ஒத்துவராது.

நல்லவேளை, மறுவாரமே லிப்டின் சிலிண்டருக்கு அடியில் எண்ணெய் சொட்டிக் கிடந்தது. மொக்கச்சாமி சீல் மாற்றினார். பம்பைக் கழற்றிக் கழுவினார், குழாயில் அடைத்த காற்றை எடுத்துவிட்டார். அப்படியும் வாரம் தவறாமல் தரையில் எண்ணெய்.

“இன்னிக்குமா ஒழுகுது? மெசினுக்கு உங்களவிட வயசாயிருச்சாண்ணே?”

“கெழட்டுச் சிலிண்டரு, மொதலாளி. கூடவே ஆளு நிக்கணும்.”

ஏலக்காய் எடுப்பு முடியும்வரை இப்படியே ஓடியது. இன்று லிங்கேஸ்வரன் சிரித்துக்கொண்டே வந்தார்.

“உங்க கஷ்டம் தீந்துச்சுண்ணே! புது லிப்டுக்குச் சொல்லிட்டேன். கம்பெனி ஆளே வந்து சர்வீஸ் பாப்பான். நீங்க வீட்டுல நிம்மதியா இருங்க.”

“ஐயோ, பழசே நல்லாத்தான் இருக்கு மொதலாளி! ஒரு சொட்டு ஒழுகாது!”

“பெறகு இது என்னண்ணே?” லிங்கேஸ்வரன் தரையைக் காட்டினார்.

மொக்கச்சாமி கந்தல் துணியால் தரையைத் துடைத்தார். சோற்றுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். உள்ளே தூக்குவாளிக்குப் பக்கத்தில், காலையில் அவர் தரையில் ஊற்றியது போக மிச்சமிருந்த எண்ணெய், குப்பியில் தளும்பியது.