வெற்றிகரமான 25ஆவது வாரம்

முதல் அடியிலேயே பேப்பர்பித்தனின் உதடு கிழிந்தது. "ஒரு சினிமா விளம்பரம் கேட்டா தர மாட்டியா? அவ்வளவு கொழுப்பா?" என்று காண்டிராக்டர் மறுபடியும் கையை ஓங்கினார்.

"விக்கறதுக்கில்ல சார். எத்தனை அடிச்சாலும் அதைத் தர மாட்டேன்."

பழைய பேப்பர்களில் வந்த சினிமா விளம்பரங்களைத் தேடித் தேடிச் சேர்த்துதான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது. நாலு சுவரிலும் அட்டையில் ஒட்டிய விளம்பரங்கள். ஒரே ஒரு தாள் மட்டும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, அறையின் மத்தியில் தொங்கியது: 'வெற்றிகரமான 25ஆவது வாரம்'.

அந்தப் படத்தில் கதாநாயகன் யாரென்றுகூடக் காண்டிராக்டருக்குத் தெரியாது. 'பழைய விளம்பரக் கண்காட்சி' என்று வாசலில் வைத்த போர்டில், அந்தத் தாள் வந்த பேப்பரின் தேதியும் எழுதியிருந்தது; அதுதான் அவரை உள்ளே இழுத்து வந்தது.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு லாரி ஷெட்டில் ஒருவனைக் குத்திக் கொன்றவர் அவர். அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று சாதித்துத் தப்பித்துவிட்டார். ஆனால் பிணத்தைச் சுற்றி நின்ற கும்பலை எவனோ படம் பிடித்துப் பேப்பரில் போட்டுவிட்டான். அதில் ஓரமாக, மங்கலாக, அவரும் நின்றார். வேறு யாருக்கும் அடையாளம் தெரியாது. அவர் முகம் அவருக்குத் தெரியாதா?

அந்தப் படம் இந்த விளம்பரத்தின் முதுகில் இருந்தது. விளம்பரப் பைத்தியம் பின்பக்கத்தையா பார்க்கப்போகிறது என்பதுதான் அவருக்கிருந்த ஒரே தைரியம்.

ஸ்டூலைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தார். தடுக்க ஓடிவந்தவனை வயிற்றில் உதைத்தார். அவன் சுருண்டு விழ, தாளை உருவி லைட்டரைப் பற்றவைத்தார். சாம்பலைச் செருப்பால் தேய்த்த பிறகுதான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வேற காப்பி இருக்கா? பொய் சொன்னே, கழுத்த நெரிச்சுடுவேன்."

"இல்ல சார். இது ஒண்ணுதான்."

பேப்பர்பித்தன் சுவரைப் பிடித்து எழுந்தான். போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். திரும்பியபோது அவன் கையில் பேப்பர் நறுக்கும் கத்தி இருந்தது.

"கதவ ஏன்டா சாத்தற?"

வாயெல்லாம் ரத்தத்தோடு அவன் சிரித்தான்.

"எங்கப்பா பொணத்தச் சுத்திப் பதினோரு பேர் நின்னாங்க. குத்தினது யாருன்னு இன்னிக்குத்தான் சார் தெரிஞ்சுது."